பாப்பாவுக்கு அலர்ஜியா?

புனே நகரத்துக்கு அருகில் தேஹு ரோடு என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெரிய இராணுவக் கிடங்கு உள்ளது. வெள்ளைக்காரர் காலத்தில் வேலை தேடித் தமிழர்கள் அங்கே போனார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். கடைத்தெருவில் நடந்தால் மராத்தியும் இந்தியும் தமிழும் சேர்ந்து கேட்கும்.

அந்த ஊரில் ஒரு சிறிய குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன் பிம்ப்ரியில் லேத் பட்டறையில் வேலை செய்கிறான். தினக்கூலி. மனைவி வீட்டில் இருக்கிறாள். கணவனின் அம்மாவும் உடன் இருக்கிறார். ஒரே அறை. வாடகை வீடு. நான்கு மாதப் பெண் குழந்தை. தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறது. குடும்பத்துக்கு எந்த மருத்துவக் காப்பீடும் இல்லை.

மார்கழி மாதம். புனேயில் அப்போது குளிர் அதிகம். காற்றும் வறண்டு இருக்கும். பாப்பாவின் இரண்டு கன்னங்களும் சிவந்து தடித்தன. முழங்கை மடிப்பில் சொரசொரப்பு வந்தது. பாப்பா முகத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டே அழுதது. ஒரு வாரம் கழித்து இன்னொன்றும் நடந்தது. துணியில் பார்த்தபோது மலத்தில் சளி போல வழவழப்பு இருந்தது. அதில் நூல் போல ரத்தக் கோடு இருந்தது.

"அத்தை, இங்கே வந்து பாருங்களேன்" என்று மனைவி கூப்பிட்டாள். அவள் கை நடுங்கியது.

"மாந்தமா இருக்கும் அம்மா. கன்னத்தில் இருப்பது கரப்பான். உரை மருந்து கொடுத்தால் சரியாகும்" என்றார் பாட்டி.

பக்கத்து வீட்டு மராத்திப் பெண் எட்டிப் பார்த்தாள். "இது அலர்ஜி" என்றாள்.

மாலையில் கணவன் வந்தான். தெரிந்த ஒருவர் அவனைத் தனியார் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு அனுப்பினார். அங்கே, "ஒரு சொட்டு ரத்தம் போதும். நாற்பது பொருள்களுக்கு அலர்ஜி பார்த்துவிடலாம். ஆறாயிரம் ரூபாய் ஆகும்" என்றார்கள். ஆறாயிரம் ரூபாய்க்கு அவன் யாரிடம் போவான்? வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். "குழந்தை விஷயம் ஆயிற்றே, வாங்கித்தான் ஆக வேண்டும்" என்று அவன் நினைத்தான்.

நல்ல வேளையாக அன்று வட்டிக்கடை மூடியிருந்தது.

அலர்ஜி என்றால் என்ன?

அலர்ஜியைத் தமிழில் ஒவ்வாமை என்கிறோம். நம் உடம்புக்குள் காவல்காரர்கள் போன்ற அணுக்கள் இருக்கின்றன. நோய்க் கிருமி உள்ளே வந்தால் அவை சண்டை போடும். சில நேரம் இந்தக் காவல் தவறு செய்துவிடும். திருடனைப் பிடிக்க வேண்டிய வாட்ச்மேன், தினமும் வரும் பால்காரரைப் பிடித்து அடித்தால் எப்படி இருக்கும்? அதுபோலத்தான். நல்ல உணவை உடம்பு எதிரி என்று நினைத்துக்கொள்கிறது. அந்தச் சண்டையால் தடிப்பு, வாந்தி, வீக்கம், மூச்சிரைப்பு எல்லாம் வருகின்றன.

அலர்ஜி என்ற சொல்லை உண்டாக்கியவரும் ஒரு குழந்தை மருத்துவர்தான். அவர் பெயர் பிர்க்கே. ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரத்தில் வேலை செய்தார். குதிரையின் ரத்தத்தில் இருந்து எடுத்த மருந்தை அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு ஊசியாகப் போடுவார்கள். முதல் ஊசியைவிட இரண்டாவது ஊசிக்குச் சில குழந்தைகளின் உடம்பு வேகமாகப் பொங்கியது. அதைக் கவனித்த அவர் 1906-இல் இந்தப் பெயரை வைத்தார்.

கைக்குழந்தைக்கு உணவு அலர்ஜி வந்தால், பெரும்பாலும் அது பசும்பாலில் உள்ள புரதத்தால்தான் வரும். குழந்தை நேராகப் பசும்பால் குடிக்க வேண்டும் என்பது இல்லை. தாய் குடித்த பாலின் புரதம் மிகச் சிறிதளவு தாய்ப்பாலில் வரும். சில குழந்தைகளுக்கு அதுவே போதும். ஆனால் இது எல்லாக் குழந்தைக்கும் வருவது அல்ல. வெளிநாட்டு ஆய்வுகளில் நூறு குழந்தைகளைப் பார்த்தால் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு மேல் இல்லை.

பிறந்த சில நாளில் உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டு வரும். அது அலர்ஜி அல்ல. தானே மறையும். வெயில் காலத்தில் வருவது வேர்க்குரு. பால் குடித்ததும் வாயோரம் கொஞ்சம் கக்குவது எல்லாக் குழந்தையும் செய்வது. எடை கூடி வந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம்.

சசூன் மருத்துவமனையில்

மறுநாள் காலையில் கணவன் பட்டறைக்கு லீவு சொன்னான். மூவரும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு லோக்கல் ரயிலில் புனே ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஸ்டேஷனில் இருந்து நடந்து போகும் தூரத்தில் சசூன் மருத்துவமனை இருக்கிறது. பாக்தாத்தில் இருந்து பம்பாய் வந்து வியாபாரம் செய்த டேவிட் சசூன் என்ற யூதர் கொடுத்த பணத்தில் கட்டியது. 1867-இல் திறந்தார்கள். ஏழைகளுக்காகக் கட்டிய மருத்துவமனை. இப்போது அரசு நடத்துகிறது.

முதலில் கேஸ் பேப்பர் எடுக்க வேண்டும். அதற்கு வரிசை நீளம். கேஸ் பேப்பர் இல்லாமல் நேராக டாக்டரிடம் போக முடியாது. இது தெரியாமல் பலர் தவறான வரிசையில் நின்று ஒரு மணி நேரத்தை வீணாக்குகிறார்கள். பாப்பாவின் தடுப்பூசி அட்டையையும் கொண்டு போக வேண்டும். மனைவி அதை மறக்கவில்லை.

குழந்தை மருத்துவர் ஊசியைக் கையில் எடுக்கவில்லை. முதலில் பாப்பாவை எடை போட்டார். அட்டையைப் பார்த்தார். பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு கிராம். இப்போது ஆறு கிலோ.

"எடை நன்றாக ஏறியிருக்கிறது. முக்கியமான விஷயம் அதுதான்" என்றார். பிறகு கேள்விகள் கேட்டார். காய்ச்சல் உண்டா? பால் குடிக்கிறதா? காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுகிறதா? ரத்தம் எத்தனை நாளாக வருகிறது? ஆசனவாயில் வெடிப்பு இருக்கிறதா என்று அவரே பார்த்தார். இல்லை.

"நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் அம்மா?"

டாக்டர் இந்தியில் கேட்டதைக் கணவன் தமிழில் சொன்னான்.

"காலையில் ஒரு டம்ளர் பால், மத்தியானம் தயிர், ராத்திரியில் மறுபடியும் ஒரு டம்ளர் பால். தாய்ப்பால் நன்றாக ஊறட்டும் என்று அத்தை கொடுக்கிறார்கள்" என்றாள் மனைவி.

பாட்டி தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் யாரையும் திட்டவில்லை. "நல்ல எண்ணத்தில்தானே கொடுத்தீர்கள்" என்றார்.

கணவன் மெதுவாகக் கேட்டான். "ஆறாயிரம் ரூபாயில் ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறதாமே?"

"அது இப்போது வேண்டாம்" என்றார் டாக்டர்.

ஏன் வேண்டாம்? உணவு அலர்ஜியில் இரண்டு வகை உண்டு. ஒன்று வேகமானது. சாப்பிட்ட சில நிமிடத்தில், அல்லது இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பும் வீக்கமும் வரும். மற்றொன்று மெதுவானது. பல மணி நேரம் கழித்தோ, இரண்டு மூன்று நாள் கழித்தோ வரும். மலத்தில் சளியும் ரத்தமும் பெரும்பாலும் மெதுவான வகையில்தான் வரும். ரத்தப் பரிசோதனை வேகமான வகையைப் பற்றித்தான் ஏதோ கொஞ்சம் சொல்லும். மெதுவான வகை அதில் தெரியாது.

வேகமான வகையிலும் ஒரு சிக்கல் உண்டு. பரிசோதனையில் "கோதுமை, முட்டை, பருப்பு" என்று பல பெயர்கள் வரலாம். அதனால் அவை எல்லாம் குழந்தைக்கு ஆகாது என்று அர்த்தம் இல்லை. நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்கும் அப்படி வரும். அந்தத் தாளைப் பார்த்துப் பயந்து நல்ல உணவையெல்லாம் நிறுத்தினால் பிள்ளை இளைத்துப் போகும். டாக்டர் ஒரு குறிப்பிட்ட பொருளைச் சந்தேகப்பட்டு, அதற்கு மட்டும் பரிசோதனை எழுதினால் அது வேறு. நாற்பதையும் ஒன்றாகப் பார்ப்பது வலை வீசிப் பார்ப்பது மாதிரி. குப்பையும் சேர்ந்து வரும்.

காசு இல்லாத பரிசோதனை

டாக்டர் சொன்ன வழி இதுதான். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. தாய் மட்டும் பால் சேர்ந்த எதையும் இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் வரை சாப்பிடக் கூடாது. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர், பேடா, பால் கோவா எல்லாம் அதில் அடங்கும். நெய்யிலும் பால் புரதம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். எருமைப் பாலும் ஆட்டுப் பாலும் பசும்பாலுக்குச் சொந்தக்காரர்கள்தான். அவற்றுக்கு மாறிப் பயன் இல்லை.

புனேயில் பால் இல்லாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. தெருவுக்குத் தெரு 'அம்ருத்துல்யா' டீக்கடை. ஏலக்காய் போட்டுப் பாலில் கொதிக்கவிட்ட டீ. மனைவிக்கு அந்த டீ உயிர். இரண்டு வாரம் கறுப்பு டீ குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடித்தாள்.

பிஸ்கட்டிலும் பால் உண்டு. பாக்கெட்டின் பின்பக்கம் சிறிய எழுத்தில் என்ன என்ன சேர்ந்திருக்கிறது என்று போட்டிருக்கும். பால் இருந்தால் அதை எழுத வேண்டும் என்பது சட்டம். எழுத்து ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் 'தூத்' என்ற சொல் இந்தியில் எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். மனைவி அந்தத் தாளை வைத்துப் பாக்கெட்டை ஒப்பிட்டுப் பார்த்தாள். அதுவரை பால் இல்லை என்று நினைத்துச் சாப்பிட்ட ரொட்டியிலும் அந்தச் சொல் இருந்தது.

பால் குடிக்காத தாய்க்குச் சுண்ணாம்புச் சத்து குறையுமே? அதற்கும் டாக்டர் வழி சொன்னார். கேழ்வரகு சாப்பிட வேண்டும். மராத்தியில் அதற்கு நாச்சணி என்று பெயர். நூறு கிராம் பாலில் சுமார் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. எள், முருங்கைக் கீரை, முள்ளோடு மென்று சாப்பிடும் சின்ன மீன் ஆகியவையும் நல்லவை. பால் கொடுக்கும் தாய்மார்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை அரசு சுகாதார நிலையத்தில் கால்சியம் மாத்திரை இலவசம். கேட்டு வாங்க வேண்டும்.

டாக்டர் ஒரு நோட்டும் போடச் சொன்னார். மனைவி நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். ஒரு பக்கத்தில் அவள் சாப்பிட்டதை எழுதினாள். எதிர்ப்பக்கத்தில் பாப்பாவைப் பற்றி எழுதினாள். எழுத்து கோணலாகத்தான் இருந்தது. "திங்கள். களி, கீரை. பாப்பா இரண்டு முறை போனது. ரத்தம் கொஞ்சம்." "வெள்ளி. சோறு, மீன். ஒரு முறை. ரத்தம் இல்லை." ஒன்பதாம் நாளில் இருந்து "ரத்தம் இல்லை" என்றே வந்தது.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு வாரம் முடிந்து சசூனுக்குப் போனார்கள். கணவன் நோட்டைப் படித்துச் சொன்னான். டாக்டர் கேட்டுவிட்டு, "நாளை முதல் நீங்கள் மறுபடியும் பால் குடியுங்கள்" என்றார்.

பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "குணமான பிள்ளைக்கு மறுபடியும் நோயை வரவழைக்கவா?"

பாட்டி கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் டாக்டர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பல குழந்தைகளுக்கு இந்த ரத்தக் கோடு எதுவும் செய்யாமலே நின்றுவிடும். பாலை நிறுத்தியதும் ரத்தம் நின்றது. பாலை நிறுத்தியதால்தான் நின்றதா? மறுபடியும் குடித்துப் பார்த்தால்தான் தெரியும். தெரியாவிட்டால் தாயும் பிள்ளையும் மாதக்கணக்கில் வீணாகப் பாலை விட்டிருக்க வேண்டி வரும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. மெதுவான வகைக்கு மட்டும்தான் இப்படி வீட்டில் செய்து பார்க்கலாம். அதையும் டாக்டர் சொன்னால்தான் செய்ய வேண்டும். உணவு கொடுத்த உடனே தடிப்போ, வீக்கமோ, மூச்சிரைப்போ வந்த குழந்தைக்கு வீட்டில் ஒருபோதும் மறுபடியும் கொடுத்துப் பார்க்கக் கூடாது. மருத்துவமனையில், டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

மனைவி பால் குடித்தாள். மூன்றாம் நாள் காலை நோட்டில் "ரத்தம் கோடு போல" என்று எழுதினாள். அன்றே பாலை நிறுத்தினாள். இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. பாப்பாவுக்குப் பால் ஆகவில்லை. இதைக் கண்டுபிடிக்க ரயில் டிக்கெட், கேஸ் பேப்பர், ஒரு நோட்டு, ஒரு பேனா ஆகியவற்றுக்குத்தான் செலவு.

கன்னத்தில் வந்தது என்ன?

ஆனால் கன்னத்துத் தடிப்பு? அது பாலை நிறுத்தியபோதும் குறையவில்லை. பால் குடித்தபோதும் கூடவில்லை. நோட்டைப் புரட்டியபோது இது நன்றாகத் தெரிந்தது. இரண்டுக்கும் ஒரே காரணம் என்று எல்லோரும் நினைத்தது தவறு.

"எப்படிக் குளிப்பாட்டுகிறீர்கள்?" என்று டாக்டர் பாட்டியிடம் கேட்டார்.

பாட்டி ஆசையோடு சொன்னார். நல்ல சூடான தண்ணீர். கடலை மாவு தேய்ப்பார். வாசனை சோப்பும் உண்டு. பிறகு தணலில் சாம்பிராணி போட்டுப் புகை காட்டுவார். மராட்டியர் வீட்டிலும் இந்த வழக்கம் உண்டு. அவர்கள் அதைத் 'தூரி' என்பார்கள். குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டுக் கட்டிவிடுவார்.

பாப்பாவின் தோல் வறண்ட தோல். கரப்பான் என்று பாட்டி சொன்னது ஒரு வகையில் சரிதான். அந்தத் தோலில் கடலை மாவு உப்புத்தாள் போலத் தேய்க்கும். சூடான தண்ணீர் இருக்கும் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். கம்பளி குத்தும். எச்சில் வழிந்து கன்னம் எரியும். சாம்பிராணிப் புகை மூச்சுக் குழாயை உறுத்தும். சின்னக் குழந்தைக்கு மூச்சிரைப்பு வர அதுவும் ஒரு காரணம்.

எல்லாம் மாறின. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடக் குளியல். மாவு இல்லை. வாசனை சோப்பு இல்லை. துணியால் ஒற்றி எடுத்ததும், ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவினார்கள். இராத்திரியில் வாசலின் தடவினார்கள். கம்பளித் தொப்பிக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்தார்கள். புகை நின்றது. சாமி படத்துக்கு ஒரு ஊதுபத்தி மட்டும் பாட்டி விடவில்லை. அதையும் கதவுக்கு வெளியே வைத்தார். இரண்டு வாரத்தில் கன்னம் மிருதுவானது.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு டியூப் மருந்து கொண்டு வந்திருந்தாள். "என் பையனுக்குப் போட்டேன். இரண்டே நாளில் போனது" என்றாள். அப்படி உடனே கேட்கும் பல டியூப்களில் ஸ்டீராய்டு என்ற மருந்து இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தால், சொன்ன அளவில், சொன்ன நாள் மட்டும் போடலாம். அது நல்ல மருந்துதான். தானாக வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலிந்து போகும். குழந்தையின் தோல் வழியே மருந்து உடம்புக்குள்ளும் போகும். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றைக் கடையில் விற்கக் கூடாது என்று 2018-இல் அரசு உத்தரவு போட்டது. உத்தரவு இருக்கிறது. விற்பனையும் நடக்கிறது.

எப்போது ஓட வேண்டும்?

இந்தப் பாப்பாவுக்கு வந்தது பொறுமையாகப் பார்க்கக்கூடிய நோய். எல்லாமே அப்படி இல்லை.

எதையாவது சாப்பிட்ட உடனே, அல்லது ஏதாவது மருந்து கொடுத்த உடனே உடம்பெல்லாம் தடிப்பு வருகிறது. உதடு, கண், நாக்கு வீங்குகின்றன. குரல் கம்முகிறது. மூச்சு இழுக்கிறது. குழந்தை வெளுத்துத் துவண்டு போகிறது. இது உயிருக்கு ஆபத்தான அலர்ஜி. அப்போது யோசிக்க நேரம் இல்லை. 108-க்குப் போன் செய்ய வேண்டும். மகாராஷ்டிராவில் 2014-இல் இருந்து இந்த வண்டி ஓடுகிறது. கட்டணம் இல்லை. வண்டி வரத் தாமதமானால் ஆட்டோ பிடித்துப் பக்கத்து மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குழந்தைக்கு வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. அட்ரினலின் என்ற ஊசியைத் தொடையில் போடுவார்கள். விலை குறைந்த மருந்து. உயிரைக் காக்கும். வீட்டில் இருக்கும் அலர்ஜி சிரப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது பெரிய தவறு. அந்தச் சிரப் அரிப்பைக் குறைக்கும். மூச்சைக் காப்பாற்றாது.

குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கி, வாந்தி எடுத்து, சிவப்பு ஜெல்லி போல வெளிக்குப் போனால் அது அலர்ஜி அல்ல. குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பச்சை நிற வாந்தி, பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, வெகு நேரம் சிறுநீர் போகாதது, ரத்தத்தோடு காய்ச்சல் ஆகியவற்றுக்கும் அப்படித்தான். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் மட்டும் வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

மாவுப் பால் ஆசை

"தாய்ப்பாலே ஆகவில்லை போலிருக்கிறது. டப்பா பால் கொடுங்கள்" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சாதாரண டப்பா பாலும் பசும்பாலில் இருந்து செய்ததுதான். தாய்ப்பாலில் துளி அளவு வந்த புரதம், அதில் முழு அளவு இருக்கும். அலர்ஜிக்கென்று தனி டப்பா உண்டு. அதன் விலை ஒரு தினக்கூலிக் குடும்பத்தைக் கடனாளி ஆக்கிவிடும். தாய்ப்பால் கொடுக்கவே முடியாத நிலையில் டாக்டர் சொன்னால் மட்டும் அது வேண்டும். குழந்தைப் பால் மாவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-இல் நம் நாட்டில் சட்டமே வந்தது.

கழுதைப் பால், தேன், சர்க்கரைத் தண்ணீர், கல்லில் உரைத்த மருந்து எதுவும் ஆறு மாதம் முடியும் வரை வேண்டாம். தேன் ஒரு வயது வரை வேண்டாம். பாட்டிக்கு இதில் மட்டும் வருத்தம். தன் ஐந்து பிள்ளைகளுக்கும் உரை மருந்து கொடுத்து வளர்த்தவர் அவர்.

காப்பீடு இல்லை. எங்கே போவது?

காப்பீட்டு அட்டை இருந்தாலும் இந்தக் குடும்பத்துக்கு அது அதிகம் உதவியிருக்காது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான காப்பீடு படுக்கையில் சேர்த்தால்தான் பணம் கொடுக்கும். டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வைத்தியத்துக்குக் கொடுக்காது. குழந்தையின் அலர்ஜி பெரும்பாலும் அப்படிப்பட்ட வைத்தியம்தான். அதற்கு அரசு மருத்துவமனைதான் கை கொடுக்கும்.

2011-இல் மத்திய அரசு ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தைத் தொடங்கியது. அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம். பிறந்த குழந்தைக்கு நோய் வந்தால் மருந்து, பரிசோதனை, வண்டி எல்லாம் இலவசம். முதலில் முப்பது நாள் வரை இருந்தது. பிறகு ஒரு வயது வரை நீட்டினார்கள். பணக்காரர் ஏழை என்ற பாகுபாடு இதில் இல்லை. இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் வேலை சுலபமாகும்.

புனேயில் சசூன் மட்டும் அல்ல. மங்கள்வார் பேட்டையில் மாநகராட்சியின் கமலா நேரு மருத்துவமனை இருக்கிறது. பிம்ப்ரியில் யஷ்வந்த்ராவ் சவான் மருத்துவமனை இருக்கிறது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்குப் பிப்வேவாடியிலும் சிஞ்ச்வட்டிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. அங்கே வெளி நோயாளியாகவும் பார்ப்பார்கள். லேத் பட்டறைக் கணவனுக்கு அந்தப் பிடித்தம் இல்லை. தனக்கு ஏன் இல்லை என்று அவன் முதலாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

குழந்தையைப் படுக்கையில் சேர்க்க வேண்டி வந்தால் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்ய திட்டம் இருக்கிறது. அதற்கு மகாராஷ்டிரா ரேஷன் அட்டை கேட்பார்கள். பெயர் இன்னும் தமிழ்நாட்டு அட்டையில் இருக்கும் குடும்பங்கள் நோய் வருவதற்கு முன்பே அதைச் சரி செய்வது நல்லது. மகாராஷ்டிராவில் அறக்கட்டளை நடத்தும் பெரிய மருத்துவமனைகளும் நூறு படுக்கையில் பத்தை ஏழைகளுக்கு இலவசமாகவும், பத்தைக் குறைந்த கட்டணத்திலும் கொடுக்க வேண்டும். இது சட்டம். அங்கே சமூக சேவகர் ஒருவர் இருப்பார். வருமானச் சான்றிதழோடு அவரைப் பார்க்க வேண்டும். கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

ஆறு மாதத்துக்குப் பிறகு

பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்தது. கேழ்வரகுக் கூழைத் தண்ணீரில் காய்ச்சிக் கொடுத்தார்கள். பிறகு சோறு, பருப்பு, மசித்த வாழைப்பழம். புதிய உணவை ஒவ்வொன்றாகத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்தது.

பாட்டி வேர்க்கடலைக்குப் பயந்தார். முட்டைக்கும் பயந்தார். முன்பு டாக்டர்களும் இப்படித்தான் தள்ளிப் போடச் சொன்னார்கள். இலண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. சின்ன வயதிலேயே வேர்க்கடலை சாப்பிட்ட குழந்தைகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி மிகவும் குறைவாகவே வந்தது. தள்ளிப் போட்டவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. எனவே காரணம் இல்லாமல் தள்ளிப் போட வேண்டாம். கரப்பான் கடுமையாக உள்ள குழந்தைக்கு மட்டும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். முழுக் கடலையைக் கொடுக்கக் கூடாது. மூச்சுக் குழாயில் அடைக்கும். புனே சமையலில் கடலைப் பொடிக்குப் பஞ்சமே இல்லை. அதில் ஒரு சிட்டிகையைக் கூழில் கலந்து தொடங்கினார்கள். பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பால் அலர்ஜி ஆயுளுக்கும் இருப்பது அல்ல. பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று முதல் ஐந்து வயதுக்குள் போய்விடும். மெதுவான வகை பலருக்கு ஒரு வயதிலேயே போகும். பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்ததும் டாக்டர் பாலைத் தொடங்கிப் பார்க்கச் சொன்னார். நேராகப் பால் வேண்டாம், முதலில் பிஸ்கட் என்றார். அடுப்பில் வெந்த பாலைக் குழந்தையின் உடம்பு சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும்.

நாற்பது பக்க நோட்டு தீர்ந்துவிட்டது. இது இரண்டாவது நோட்டு. எழுத்து இப்போது கோடு தாண்டிப் போவதில்லை. மனைவி எழுதினாள்: "ஞாயிறு. கால் பிஸ்கட். ரத்தம் இல்லை. தடிப்பு இல்லை. இன்னும் கேட்டு அழுதது."